கொளஞ்சியப்பன் அழாத காட்சி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது, நான் தேடிப் போனதல்ல. பழைய நடிகர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டிப் பண்ருட்டிக்குப் போயிருந்தேன். நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மீரான் மைதீன் என்ற பெரியவர் ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். சேலை, பெரிய கொண்டை, லேசாகச் சாய்ந்த தலை.

"யாருங்க இந்தம்மா?"

"அம்மாவா? நல்லா பாருங்க. இது எங்க டைம் ஆபீஸ் கொளஞ்சியப்பன்."

அதோடு கட்டுரை போயிற்று. கதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: "1914ஆம் ஆண்டு, சேத்தியாத்தோப்புக்கு அருகே ஒரு கூலிக் குடும்பத்தில்—"

வேண்டாம். இது இரங்கல் கூட்டத்தில் வாசிப்பதுபோல இருக்கிறது. இரண்டாவது: "மேடையில் அவர் சேலைத் தலைப்பை இழுத்துவிடும்போது ஊரே—"

இதுவும் வேண்டாம். நான் பார்க்காததைப் பார்த்தவன்போல எழுதுகிறேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

2

கொளஞ்சியப்பன் பத்து வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். சோறு கிடைக்கும் என்று சேர்த்துவிட்டார்கள். முகம் நன்றாக இருந்ததால் பெண் வேஷம் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வயதுவரை அவர்தான் கதாநாயகி. அவர் கொண்டை போடுகிற மாதிரியை மறுநாள் அந்த ஊர்ப் பெண்கள் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார்களாம். (மீரான் மைதீன் சொன்னது. அவருக்குப் பிடித்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.)

பிறகு பேசும்படம் வந்தது. அங்கே பெண் வேஷத்துக்குப் பெண்களே வந்தார்கள். கொளஞ்சியப்பன் பதினொரு படங்களில் நடித்தார். கதாநாயகியின் சித்தப்பா, கடிதம் கொண்டுவருகிறவர், கோர்ட்டில் ஒரு குமாஸ்தா. எந்தப் படத்திலும் நான்கு வசனத்துக்குமேல் இல்லை. அவருடைய பெண்சாதி சாமியம்மாள் ஒரே ஒருமுறை பண்ருட்டிக்குப் போய் டூரிங் டாக்கீஸில் அவரைப் பார்க்க முயன்றாள். அவர் வந்த நேரம் பார்த்துக் குனிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

அவர் சென்னையில், அவள் ஊரில். இப்படியே வருஷங்கள் போயின. அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். மூன்று வயதில், 1943இல், காய்ச்சலில் செத்துப்போனாள். அன்று கொளஞ்சியப்பன் ஸ்டுடியோவில் டாக்டர் வேஷத்தில் நின்று, "பயப்படாதீர்கள், குழந்தை பிழைத்துக்கொள்ளும்" என்று வசனம்—

இல்லை. இந்த வரி பொய். அழகாக இருக்கிறது என்று நான் வைத்த பொய். அடிக்காமல் விடுகிறேன், நீங்களும் பாருங்கள். உண்மையில் அன்று அவர் ஒரு கல்யாணக் காட்சியில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றுமுறை எடுத்தார்கள், மூன்றுமுறையும் சாப்பிட்டார். தந்தி கைக்கு வந்து, ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினார். அந்தக் குழந்தையைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை. பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

3

ஐம்பதுகளின் கடைசியில் அவர்கள் ஊர் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டது. வீட்டைக் காலி செய்துகொடுக்க வந்த கொளஞ்சியப்பன் சென்னைக்குத் திரும்பவில்லை. அங்கே யாரும் அவரைத் தேடவுமில்லை. முதலில் அந்தச் சுரங்கத்திலேயே கான்ட்ராக்ட் வேலை, பிறகு பர்மனென்ட். டைம் ஆபீஸில் ஷிப்டுக்கு வருகிறவர்களின் நம்பரைக் கூப்பிட வேண்டும். "நானூற்றுப் பதினேழு!" என்று அவர் கூப்பிட்டால், ராஜசபையில் கூப்பிட்டதுபோல ஆள் நிமிர்ந்து போவானாம்.

கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து, இரண்டு ரூம் குவார்ட்டர்ஸில், அவரும் சாமியம்மாளும் முதன்முறையாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள். இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது என்று எழுத ஆசை. என்னிடம் சாட்சி இல்லை.

4

1963 பொங்கலுக்குச் சுரங்க ஊழியர்கள் கிளப்பில் நாடகம். எழுதியவர் கருணாகரன் என்ற இன்ஜினியர். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிறவர் மீரான் மைதீன். அம்மா வேஷத்துக்குக் கடலூரிலிருந்து வரவேண்டிய நடிகை, வர முடியாது என்று நான்கு நாளைக்கு முன்பு தந்தி அடித்துவிட்டார். கருணாகரன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"நான் கட்டுறேன்" என்றார் கொளஞ்சியப்பன். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

நாடகத்தில் அந்த அம்மாவின் குழந்தை செத்துவிடும். ஒன்றரைப் பக்க ஒப்பாரி வசனம். வீட்டில் கண்ணாடிமுன் நின்று ஒத்திகை பார்த்தார். மார்பில் அடித்துக்கொண்டார், தலைப்பைக் கடித்துக்கொண்டார், சரிந்து விழுந்தார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சாமியம்மாள் நிமிர்ந்தாள்.

"யாரு செத்தா?"

"புள்ள."

"புள்ள செத்தா இப்புடியா அழுவாங்க?"

அவருக்குக் கோபம் வந்தது. "இந்த அழுவைக்குத் தஞ்சாவூர்ல ஒன்ஸ்மோர் கேட்டாங்க, தெரியுமா?"

"கேட்டவன் ஆம்பளயா இருப்பான்."

அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார். இருபது வருஷம் தள்ளிப்போட்ட கேள்வி.

"அன்னிக்கு நீ என்னா பண்ண, சாமி?"

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. "அழுவல. பானை கழுவிக்கினு இருந்தேன். கழுவுன பானையவே கழுவிக்கினு இருந்தேன். பக்கத்து வூட்டுக்காரி வந்து கையப் புடிச்சி நிறுத்துனா."

அவ்வளவுதான் சொன்னாள். அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.*

* இது உனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கொளஞ்சியப்பன் மறுநாள் மீரான் மைதீனிடம் சொல்லியிருக்கிறார். அவர் என்னிடம் சொன்னார். நான் உங்களிடம். அவள் ஒருவரிடம்தான் சொன்னாள். இதை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கியது, எழுதியும்விட்டேன்.

5

ராத்திரி வேலைக்குப் போகிற மூன்றாவது ஷிப்டுக்காரர்களும் பார்க்கட்டும் என்று நாடகம் மாலை நான்கு மணிக்கே தொடங்கியது. சாமியம்மாள் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. புருஷன் நடிப்பதை அவள் பார்ப்பது அதுதான் முதல்தடவை.

குழந்தை செத்த காட்சி வந்தது. கொளஞ்சியப்பன் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. மேடை மூலையில் இருந்த பானையை இழுத்து வைத்துக் கழுவ ஆரம்பித்தார். தண்ணீர்கூட இல்லை, வெறும் கைதான். மறந்துவிட்டார் என்று நினைத்து மீரான் மைதீன் திரைக்குப் பின்னாலிருந்து முதல் வரியை எடுத்துக்கொடுத்தார். இன்னொரு தடவை கொடுத்தார். மூன்றாவது தடவை கொடுக்க வாய் வரவில்லை.

சாமியம்மாள் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

கொளஞ்சியப்பன் கை நின்றது. "மேடையில என்ன நடந்தாலும் நிறுத்தாத மனுசங்க அவரு" என்றார் மீரான் மைதீன். "ஒருதடவ கொட்டகையே தீப்புடிச்சிக்கினப்ப பாட்ட முடிச்சிட்டுத்தான் எறங்குனாராம். அன்னிக்கு நிறுத்திட்டாரு."

பானையை வைத்தார். படியிறங்கினார். சேலையும் கொண்டையுமாக ஜனங்களுக்கு நடுவே நடந்து வாசலைத் தாண்டிப் போனார். நாடகத்திலேயே அப்படித்தான் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். இன்னும் இரண்டு காட்சி பாக்கி. மீரான் மைதீன் திரையை இறக்கி, "நாடகம் முடிந்தது" என்று அறிவித்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

6

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவதில் அவள் திட்டுகிறாள்: "எம்மூட்டு சாவ ஊருக்குக் காட்டுனியே." நியாயம்தான், ஆனால் அவள் அவரை ஒருமையில் பேசுகிறவள் அல்ல. இரண்டாவதில் அவர் மன்னிப்புக் கேட்கிறார். நன்றாக நீளமாக, நல்ல தமிழில். கருணாகரன் எழுதிக்கொடுத்ததுபோல இருந்தது. மூன்றாவதில் அவள், "இப்பதான் நீங்க அன்னிக்கு அங்க இருந்த மாதிரி இருக்குதுங்க" என்கிறாள். இந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு எடுத்துவிட்டேன்.

தெரிந்தது இவ்வளவுதான். மறுநாள் காலை கொளஞ்சியப்பன் டைம் ஆபீஸில் நம்பர் கூப்பிட்டார். கண்ணில் மை முழுதாகப் போயிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. அவர்கள் அதே குவார்ட்டர்ஸில் அவர் ரிட்டயர் ஆகும்வரை இருந்தார்கள்.

இன்னொன்று. மீரான் மைதீன் கிளப் வாசல்வரை ஓடிவந்து பார்த்திருக்கிறார். வெளிச்சம் இன்னும் இருந்தது. சாமியம்மாள் ரோட்டில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். கொளஞ்சியப்பன் பின்னால் ஓடினார். மேடைச் சேலை தரையில் புரண்டு காலைத் தடுக்கிற்று. இரண்டுமுறை தடுமாறினார். மூன்றாவது தடவை விழப்போனபோது அவள் நின்றாள். திரும்பி வந்தாள். குனிந்து, அவர் சேலைக் கொசுவத்தை ஒரு சாண் தூக்கி, நடக்கத் தோதாக இடுப்பில் இறுக்கிச் செருகிவிட்டாள்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க, கடைக்குப் போய்விட்டு வருகிற இரண்டு பெண்கள் மாதிரி இருந்ததாம்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று மீரான் மைதீனுக்குக் கேட்கவில்லை. அவர் வாசலோடு நின்றுவிட்டார். நானும் அங்கேதான் நிற்கிறேன். நீங்கள் வேண்டுமானால் பின்னால் போய்ப் பாருங்கள். செருப்புச் சத்தம் கேட்காமல் போங்கள்.