மூன்றாவது அழைப்பு

வெஸ்டர்டாலில் ஆண்டவருக்கு இரண்டு வீடுகள். வண்டிப்பாதைக்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. இரண்டும் வெள்ளைப் பலகைக் கோயில்கள், இரண்டும் லூத்தரன், இரண்டிலும் நார்வே பாஷையில்தான் பிரசங்கம். ஒரு வாசலில் நின்று தும்மினால் எதிர் வாசலில் இருப்பவருக்குக் கேட்கும். கேட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இந்தப் புல்வெளிக்கு முதலில் வந்தவை பதினோரு குடும்பங்கள். மண்கட்டியை வெட்டி அடுக்கிய குடிசைகளில் எலியோடும் பாம்போடும் படுத்துக்கொண்டு, தங்களுக்குப் பலகை வீடு கட்டுவதற்கு முன்பே கோயிலுக்குப் பலகை கொண்டுவந்து இறக்கியவர்கள். அப்படிக் கட்டிய கோயிலில் பத்து வருஷம்கூட நிம்மதியாக உட்காரவில்லை. கடவுள் ஒருவனைத் தேர்ந்தெடுப்பது, அவன் பிற்பாடு விசுவாசிப்பான் என்று முன்கூட்டியே தெரிந்ததாலா, இல்லை எதையும் பார்க்காத வெறும் கிருபையாலா என்று ஒரு சண்டை வந்தது. மினசோட்டா முழுக்க வந்த சண்டைதான். எங்கள் ஊரில் கொஞ்சம் தாராளமாகவே வந்தது. 1887 ஜனவரியில் பாதிப் பேர் எழுந்து வெளியே போய், பாதைக்கு எதிர்ப்புறமே இன்னொரு கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். வேறு இடமா இல்லை? கண்ணெதிரே கட்டினால்தானே மனசு ஆறும்!

அன்று வாதாடியவர்களில் பெரும்பாலோர் இப்போது அவரவர் பக்கத்துக் கல்லறையில் இருக்கிறார்கள். சரியான விடை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நமக்குத்தான் சொல்லி அனுப்பவில்லை.

அந்தச் சண்டையின்போது குன்வோருக்குப் பதினாலு வயது. அவள் அக்கா பெர்கிட்டுக்குப் பத்தொன்பது, கல்யாணமாகி நாலு மாதம். அக்கா புருஷன் தோர்கில்ஸ் வெளியே போன கூட்டத்தோடு கிழக்கே போனார், அக்காவும் போனாள். குன்வோர் அப்பாவோடு மேற்கே நின்றாள். பிற்பாடு அங்கேயே எய்விந்தைக் கட்டிக்கொண்டாள். கோயில் பிரிந்த அன்றைக்கே அக்காவும் தங்கையும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கோயில் பேச்சைத் தங்களுக்குள் எடுப்பதே இல்லை. அந்த ஒரு முடிவுதான் அவர்களைக் காப்பாற்றியது. திங்கள் முதல் சனி வரை சேர்ந்து சோப்புக் காய்ச்சினார்கள், வாத்து உரித்தார்கள், ஒருத்தி பிரசவத்துக்கு மற்றவள் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளுக்கொரு வாசலில் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். இப்படி முப்பத்துமூன்று வருஷம்.

போன ஜூனில் சுழற்காற்று வந்து மேற்குக் கோயிலின் கூரையைத் தூக்கிச் சோளக்காட்டில் போட்டது. சுவர் ஒன்று சாய்ந்தது. கிழக்குக் கோயிலில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. கிழக்கத்தியார் இதைப் பற்றி வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை என்பதை அவர்கள் கணக்கில் புண்ணியமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுநாளே தோர்கில்ஸ் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கிழக்குச் சபைக்கு அவர்தான் தலைவர், மேற்குக்கு எய்விந்த். இடிபாட்டின் நடுவே இருவரும் நின்றார்கள்.

"சகலை, எங்க கோயில்ல இடம் நிறைய இருக்கு. எல்லாரும் அங்க வந்துடுங்க."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? பள்ளிக்கூடம் போதும் எங்களுக்கு."

ஜூலையில் கிழக்குச் சபையே முறைப்படி கடிதம் எழுதிக் கூப்பிட்டது. எய்விந்த் உட்கார்ந்து, அழகான கையெழுத்தில், தங்களுக்குத் தொந்தரவு தர விருப்பமில்லை என்று பதில் எழுதினார்.

எழுதிவிட்டு, மேற்குச் சபை பாட்டுப் புத்தகங்களை எல்லாம் தூசி தட்டி, பாதையைக் கடந்து கொண்டுபோகத் தோதாகப் பெட்டிகளில் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தது. எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. முதல் தடவை கேட்டதுமே காப்பியை வாங்கிக் குடிக்கிறவனை நாங்கள் சரியாக வளர்க்கப்படாதவன் என்போம். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்கிறவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை. மூன்றாவது தடவை கேட்டால், சரி, ஒரு அரைக் கோப்பை என்று ஆரம்பித்து, நாலு கோப்பை குடித்துவிட்டுப் போவான்.

மூன்றாவது அழைப்பு வரவே இல்லை. ஆகஸ்ட் போயிற்று, அறுவடை போயிற்று, கிறிஸ்துமஸும் போயிற்று. குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து ஆராதனை நடத்தினார்கள். வருகிறவர்கள் குறைந்தார்கள். டவுன் கோயில் பதினெட்டு மைல், ஆனாலும் சிலர் அங்கே போகத் தொடங்கினார்கள். "ஒப்புக்குக் கேட்டிருக்காங்க, மனசாரக் கேட்கலை" என்று எய்விந்த் பிப்ரவரியில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார். அதோடு நிற்கவில்லை. சபை கலைந்தால் நிலத்தை விட்டுவிட்டு, கனடாவில் சஸ்காட்சுவானில் இருக்கும் தம்பியிடம் போய்விடலாம் என்றார். வசந்தத்திலேயே.

குன்வோர் தட்டைக் கழுவப் போனவள், கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். நாற்பத்தேழு வயதில் வேறு ஊர். அங்கே கோயில் இருக்கும், மாடு இருக்கும், நார்வேக்காரர்களும் இருப்பார்கள். அக்கா இருக்க மாட்டாள். அக்கா வீட்டாரும் இப்படி ஒப்புக்குப் பேசுகிறவர்களா என்ற நினைப்பு அதைவிடச் சுட்டது. கேட்கலாம் என்றால், கோயில் பேச்சு கூடாதே.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கடைசிக் கூட்டம். சபையைக் கலைப்பது என்று தீர்மானம் எழுதி வைத்திருந்தார்கள். கலைப்பதற்கு முன் மணியும் பலிபீடப் படமும் தேவையா என்று கிழக்கத்தியாரைக் கேட்பதுதான் மரியாதை என்று அவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். தோர்கில்ஸ் வந்தார், இரண்டு மூப்பர்கள் வந்தார்கள், அவர்களுடைய புதுப் போதகர் ஓடெகார்ட் வந்தார். வெறுங்கையோடு வரக் கூசி, ஒரு கூடை உருளைக்கிழங்கு ரொட்டியோடு பெர்கிட்டும் வந்தாள். பெண்களுக்குக் கூட்டத்தில் பேச்சும் இல்லை, ஓட்டும் இல்லை. அடுப்பங்கரை மூலையும் காப்பியும்தான்.

காப்பி குடிக்காமல் எங்கள் ஊரில் எதையும் கலைக்க மாட்டார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி முட்டையை உடைத்துப் போட்டுக் காய்ச்சித் தெளியவைத்த காப்பியோடு குன்வோர் முதலில் போதகரிடம் போனாள்.

"காப்பி, போதகர் ஐயா?"

"ஆகட்டும்மா, நன்றி" என்று அவர் கோப்பையை நீட்டிவிட்டார். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து தோர்கில்ஸ். ஆறு மைல் குளிரில் வந்தவர், மீசையில் பனி இன்னும் உருகி முடியவில்லை.

"காப்பி, அத்தான்?"

"வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்."

"கொஞ்சமாவது?"

"இல்ல இல்ல, மத்தவங்களுக்கு ஊத்து."

குன்வோர் மூன்றாவது தடவைக்குக் கெண்டியைச் சாய்த்தாள். போதகர் எட்டி, தோர்கில்ஸின் கோப்பையைக் கையால் மூடினார்.

"அம்மா, அவர்தான் ரெண்டு தடவை வேண்டாம்னுட்டாரே. ஒரு மனுஷன் சொன்னா நம்ப வேண்டாமா? வற்புறுத்துறது மரியாதை இல்லை."

பால் பாத்திரத்தை மூடிவிட்டால் பூனை பார்க்குமே, அப்படித் தோர்கில்ஸ் கெண்டியைப் பார்த்தார்.

குன்வோர் கெண்டியை இறக்காமல் அப்படியே நின்றாள். உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றோடு போய்ப் பொருந்தியது.

"ஐயா, இதையே நீங்க வேற எங்கயாவது சொன்னீங்களா?"

"எதை?"

"ரெண்டு தடவை வேண்டாம்னா விட்டுடணும்னு."

போதகர் யோசித்தார். "ஆகஸ்ட்ல எங்க சபைக் கூட்டத்துல சொன்னேன். உங்களை மூணாவது தடவையும் கூப்பிடணும்னு இவர்தான் ஒத்தக்கால்ல நின்னார். ரெண்டு தடவை மறுத்தவங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டா அவங்க மனசாட்சியை மிதிக்கிற மாதிரி ஆகும்னு நான்தான் தடுத்தேன்."

ரொட்டிக் கூடையோடு நின்ற பெர்கிட்தான் முதலில் வாயைத் திறந்தாள். முப்பத்துமூன்று வருஷத்து முடிவு அங்கேயே உடைந்தது.

"ஏண்டி, நீங்க மூணாவதுக்குக் காத்துக்கிட்டா இருந்தீங்க?"

"பாட்டுப் புத்தகத்தை எல்லாம் பெட்டி கட்டி வெச்சிருந்தோம் அக்கா. பாதையைத் தாண்டுறதுதான் பாக்கி."

"அடக் கடவுளே. நாங்க என்னமோ, பள்ளிக்கூடத்துல உட்கார்ந்தாலும் உட்காருவோம், உங்க மூஞ்சியில முழிக்க மாட்டோம்னு வீம்பு பண்றீங்கன்னு நெனைச்சோம்!"

போதகரின் காது மடல் சிவந்துவிட்டது. "அப்போ வேண்டாம்னா என்னதான் அர்த்தம்?"

மேற்குச் சபைச் செயலாளர் சால்வே கிழவர் பேனாவைக் கீழே வைத்தார். "மொதல் வேண்டாம் மரியாதைக்கு ஐயா. ரெண்டாவது வேண்டாம் அடக்கத்துக்கு. மூணாவது கேட்டாத்தான் வயிறு பேசும். உங்கம்மா சொல்லித் தரலியா?"

"எனக்கு அம்மா கிடையாது. சிக்காகோவுல அநாதை விடுதியில வளர்ந்தேன்" என்றார் போதகர். "அங்க சூப்புச் சட்டி ஒரே தடவைதான் வரும். வேண்டாம்னு சொன்னவன் ராத்திரி பட்டினி."

அதுவரை அவரை முறைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாருக்கும் மனசு இளகிவிட்டது. ஒருத்தி போய் அவர் தட்டில் இரண்டு ரொட்டி வைத்தாள், கேட்காமலே.

தோர்கில்ஸ் எழுந்தார். அறுபதை நெருங்கிய ஆள், குழந்தைகள் பெஞ்சிலிருந்து எழ நேரம் பிடித்தது. தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"சகலை, இதை ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கணும். என் தப்பு. கோயில் பாதி காலியாத்தான் கெடக்கு. எல்லாரும் வாங்க. மனசாரக் கூப்பிடறேன்."

மேற்குச் சபை மொத்தமும் எய்விந்தைப் பார்த்தது. எய்விந்தின் முகம் மலர்ந்தது, கண்கூடக் கலங்கியது, வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அட, வேண்டாம் சகலை. இத்தனை பேர் வந்தா உங்களுக்குத்தான் இடைஞ்சல்."

என்ன செய்ய? எட்டு மாதம் ஆறிப்போன அழைப்பு, அவர் நாக்குக்கு அது மறுபடி முதல் அழைப்பாகிவிட்டது. சொன்ன வேகத்திலேயே சொன்னது என்ன என்று அவருக்குப் புரிந்து முகம் வெளுத்தது. ஆனால் மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் வேண்டாம் என்றால், எங்கள் வழக்கத்தில் அது நிஜமான வேண்டாம். அதற்குமேல் கேட்பது அவமானம், அதற்குமேல் சம்மதிப்பதும் அவமானம். தோர்கில்ஸின் தோள் தொய்ந்தது. மெதுவாக உட்காரப் போனார். சால்வே பேனாவை எடுத்துத் தீர்மானத் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

குன்வோருக்கு அந்தத் தாளில் சஸ்காட்சுவான் தெரிந்தது.

"வர்றோம்" என்றாள்.

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பினார்கள். அவள் கெண்டியை மேஜைமேல் வைத்தாள்.

"வர்றோம் அத்தான். நாளைக்கே வர்றோம். இடைஞ்சலா இருந்தா இருக்கட்டும், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க."

ஆண்கள் முடிவெடுக்கும் இடத்தில் ஒரு பெண் பேசி அந்தச் சபை கேட்டதே இல்லை. சால்வே தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை எப்படி எழுதறதும்மா? பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்லியே."

"நான் ஓட்டுப் போடலை. கூப்பிட்டாங்க, பதில் சொன்னேன். பதில் சொல்லக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

சால்வே விதிப் புத்தகத்தை நிஜமாகவே எடுத்துப் புரட்டினார். அதற்குள் எய்விந்த் தொண்டையைச் செருமினார். மனைவி மேல் பாயப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"எனக்கும் அதேதான் வாயில இருந்துச்சு" என்றார். "வெளிய வரும்போது வேற மாதிரி வந்துடுச்சு. எழுதிக்கோ சால்வே. கைதூக்கிக் கேளு."

கேட்டார்கள். பின்வரிசையில் ஒருத்தர் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. அந்த ஒருத்தர் இன்றுவரை டவுன் கோயிலுக்குத்தான் போகிறார், போகட்டும். மணியைக் கிழக்கே எப்படித் தூக்கி மாட்டுவது என்று இரண்டு பக்கத்து ஆண்களும் அப்போதே சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பனி உருகிப் பாதை முழுக்கச் சேறு. குன்வோர் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்தாள். எண்ணினால் இருபது எட்டு இருக்கும், அவ்வளவுதான்.

உள்ளே ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். மூன்றாவது வரிசையில் பெர்கிட் நகர்ந்து இடம் விட்டாள். குன்வோர் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தாள். சோப்புக் காய்ச்சும் அக்காவை அவளுக்குத் தெரியும், வாத்து இறகு தலையெல்லாம் ஒட்டிய அக்காவைத் தெரியும். கறுப்புப் பட்டுடையும் கழுத்தில் வெள்ளிப் பதக்கமுமாக, கையில் பாட்டுப் புத்தகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் இந்த அக்காவை, அவளுடைய பத்தொன்பது வயசுக்கப்புறம் பக்கத்தில் பார்த்ததே இல்லை.

"என்னடி அப்படிப் பாக்குற?" என்று பெர்கிட் கிசுகிசுத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. அப்படியே அம்மா மாதிரி இருக்க."

பெர்கிட் புத்தகத்தைப் புரட்டுகிறவள்போலக் குனிந்துகொண்டாள்.

"நீயும்தாண்டி" என்றாள்.