கெட்ட ஊர் வரைகிறவள்

“இந்தத் தடவை நல்ல ஊர நான்தான் சார் வரைவேன்.”

வேலையில் சேர்ந்த அன்றே இவளிடம் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: “குடுக்கறதச் செய். இது வேணும் அது வேணும்னு மட்டும் வாயத் திறந்துடாத.” இத்தனை நாள் திறக்கவில்லை. இன்று திறந்துவிட்டாள்.

இருபது வருஷத்துக்கு முன்கூட்டித் திட்டம் போடும்போது நகரத் திட்டப் பிரிவில் மூன்று ஊர் வரைவார்கள். எல்லாம் கூடிவந்தால் நல்ல ஊர். இப்படியே போனால் நடு ஊர். எல்லாம் கைவிட்டுப் போனால் கெட்ட ஊர். நடு ஊரைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். நல்ல ஊர் எப்போதும் கூட வேலை பார்க்கிற டாக்டர் மகளுக்கு. கெட்ட ஊர் இவளுக்கு. ஆலை மூடும், பஸ் நிற்கும், தெருவில் தண்ணீர் ஏறும். ஆபீஸில் இவளுக்குப் பெயரே ‘வெள்ளம்’.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கு அதுதானேம்மா கைவந்தது. கஷ்டம் பாத்து வளந்தவ. நீ வரைஞ்சா பாக்கறவனுக்குத் தூக்கம் போயிடுது. அவளுக்கு அது வராது.”

பாராட்டுதான். செருப்படியைச் சர்க்கரையில் தோய்த்துக் கொடுத்தார்.

பக்கத்து மேஜையில் டாக்டர் மகளின் ஊர் விரிந்து கிடந்தது. ஏரி, அதைச் சுற்றிப் படிக்கட்டு. ஒரு பெண் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் காலை விட்டிருந்தாள். யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். படம் மட்டமாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி. அழகாக இருந்து தொலைத்தது. இந்தச் ‘சும்மா’ டாக்டர் மகளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

“சரி, வரைஞ்சு வச்சிருப்பியே. காட்டு,” என்றார் அதிகாரி.

வீட்டில் வைத்து வரைந்த தாளை விரித்தாள். அவர் நிதானமாகப் பார்த்தார்.

“சாக்கடைய மூடியிருக்க. தெருவிளக்கு எரியுது. பஸ் சொன்ன நேரத்துக்கு வருது. இது நல்ல ஊர் இல்லம்மா. ரிப்பேர் பண்ண ஊர். கனவு எங்க?”

சுருக்கென்று தைத்தது. பொய்யாக இருந்திருந்தால் தைத்திருக்காது. இவளும் ஏரிக்கரையில் ஒருத்தியை உட்காரவைத்துப் பார்த்தாள்தான். வரைந்து முடிப்பதற்குள் அவள் கையில் ஒரு காலிக் குடம் வந்துவிட்டது. அழித்துவிட்டாள்.

டாக்டர் மகள் எட்டிப் பார்த்தாள். “நல்லாதான் சார் இருக்கு. பின்னிணைப்புல போட்டுடலாமே, பாவம்.”

கேலி செய்திருந்தால் பதிலுக்குக் கேலி செய்திருக்கலாம். இந்தப் ‘பாவம்’ உள்ளே போய் எரிந்தது.

“அதெல்லாம் அப்புறம்,” என்றார் அதிகாரி. “திங்கக்கிழமை கெட்ட ஊர் என் மேஜைல இருக்கணும்.”

“இருக்காது சார்.”

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, டாக்டர் மகள் வரைந்த ஏரியின் நடுவில் வைத்தாள்.

“என்னடி பண்ற?” என்றாள் டாக்டர் மகள்.

“வெள்ளம் வடிஞ்சுடுச்சுன்னு வச்சுக்கோ.”

கீழ்த்தளத்தில் பொதுமக்களிடம் யோசனை வாங்குகிற கவுன்டர் உண்டு. ஊர்க்காரர் யார் கொடுத்தாலும் வாங்கிக் கமிட்டி முன்னால் வைத்தே ஆகவேண்டும். இந்தப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் மட்டும் கொடுக்கக் கூடாது. காலையில் உள்ளே நுழையும்போதே விசாரித்து வைத்திருந்தாள். கெட்ட ஊர் வரைந்தே பழகியவளுக்கு, காரியம் கெட்டால் அடுத்து என்ன என்று யோசிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பத் தெரியாது.

தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வாசலில் ஒரு தரம் திரும்பி அந்த ஏரிக்கரைப் பெண்ணைப் பார்த்தாள். இன்னமும் பொறாமையாகத்தான் இருந்தது.

படியிறங்கினாள்.