முப்பத்தொன்பது வகையும் ஒரு குருகும்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசுகளில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு குற்றம் கண்டுபிடிக்க வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம். நல்லவேளையாகப் பறவைகள் வந்து என்னைக் காப்பாற்றின.

வருஷத்தில் ஒரு நாள் சரணாலயத்தில் கணக்கெடுப்பு. வனக்காவலர் ஏரிக்கரையில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டுக் கொடுப்பார். குறுக்கே ஆறு அடி எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அதற்குள் உட்கார்ந்து, எத்தனை வகைப் பறவை கண்ணில் படுகிறது என்று எழுத வேண்டும். பறவை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆள் வட்டத்துக்குள் இருக்க வேண்டும். வட்டத்துக்கு இரண்டு பேர். இரண்டு பேரும் பார்த்தால்தான் கணக்கு. இவருடைய சிநேகிதர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டதால், பதினொரு வருஷமாக அந்த இரண்டாவது ஆள் நான்.

இந்த வருஷம் நான் சும்மா போகவில்லை. மகள் வெளியூரில் இருக்கிறாள். பேத்திக்கு எட்டு மாசம். எங்களுக்கென்று ஓர் அறையைக் காலி பண்ணி வைத்துவிட்டு, வந்துவிடுங்கள் என்று வாராவாரம் கூப்பிடுகிறாள். இவரோ நாற்பது வகையைத் தொடாமல் ஏரியை விட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். ஒவ்வொரு வருஷமும் முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்று முகம் தொங்கித் திரும்புவார். போன மாசம் நான் போட்ட சண்டையில் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"இந்தத் தடவையும் நாப்பது வரலேன்னா பைனாகுலரைத் தூக்கிப் போட்டுட்டு உன்கூட வந்துடறேன். போதுமா?"

"நாப்பது வந்துட்டா?"

"வந்துட்டா இங்கேயேதான். அப்புறம் நீ வாயே திறக்கக் கூடாது."

ஆக, இவர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இவருக்கு உதவி செய்யப் போனேன்.

பத்து மணிக்குள் இருபத்தெட்டு ஆகிவிட்டது. நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், ஆலா என்று வரிசையாக வந்து என் பயணத்துக்குக் குறுக்கே நின்றன. காக்காயைக்கூட இவர், "நீ பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். பக்கத்து வட்டத்தில் ஒரு பல் டாக்டரும் அவர் தம்பியும். அண்ணன் பெயரைச் சொல்வார், தம்பி கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டுவார். மத்தியானத்துக்குள் நாற்பத்திரண்டு என்று அறிவித்துவிட்டு இரண்டு பேரும் குறட்டை விட்டார்கள்.

"அது கணக்கா, கத்திரிக்காயா?" என்று இவர் பல்லைக் கடித்தார்.

மாலை ஐந்தரைக்கு முப்பத்தொன்பது. அதற்கு மேல் ஒரு வாலும் ஆடவில்லை. இவர் பைனாகுலரைக் கண்ணில் ஒட்டவைத்துக்கொண்டு நடு ஏரியைத் துழாவிக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

இடது பக்கம் நாணல் புதர். அதில் ஒரு நாணல் மட்டும் கண் சிமிட்டியது.

எனக்கு இன்றைக்கும் கண்ணாடியில்லாமல் ஊசியில் நூல் கோர்க்க வரும். அது மஞ்சள் குருகு. கழுத்தை வானத்துக்கு நீட்டி, நாணலோடு நாணலாக நின்றது. பதினொரு வருஷமாக இவர் தூக்கத்தில்கூடப் புலம்புகிற பறவை. இவருக்கு நாலு முழத்தில், முதுகுக்குப் பின்னால்.

ஆறு மணி வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பேத்தி என் மடியில் இருப்பாள். மூடிக்கொண்டுதான் இருந்தேன். இவருடைய பிடரியைப் பார்த்தேன். காலையிலிருந்து வெயிலில் வெந்து சிவந்து போயிருந்தது. பாவமாக இருந்தது. பாழாய்ப்போன பாவம்.

"என்னங்க, மெதுவாத் திரும்புங்க. உங்க குருகு."

இந்த மனுஷருக்கு மெதுவாக என்றால் என்ன தெரியும்? நாற்காலி கிறீச்சிட எழுந்து திரும்பினார். நாணல் அசைந்து மூடிக்கொண்டது. ஆறு மணி வரை நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் நின்றோம். அது வரவில்லை.

காவலர் விசில் ஊதினார். இவர் பேனாவைத் திறந்து, முப்பத்தொன்பது என்று எழுதினார்.

"நாப்பதுன்னு எழுதுங்க," என்றேன்.

"நான் பாக்கலையே."

"நான் பாத்தேன்."

"ரெண்டு பேரும் பாக்கணும். அதான் விதி." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நாணல் காத்துல ஆடினா அப்படித்தான் தெரியும்," என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "காத்தா? கண்ணு இருந்தது, மூக்கு இருந்தது, மஞ்சளாக் காலு இருந்தது. காத்துக்குக் காலு இருக்கா?"

"விடு. தோத்துட்டேன். சொன்னா சொன்னதுதான், நாளைக்கே கிளம்பலாம்." நாற்காலியை மடக்கினார். வேறொரு நாளாக இருந்தால் நான் உருகியிருப்பேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம். மகள் போனில் கூப்பிட்டாள்.

"என்னம்மா ஆச்சு? நாப்பது வந்துடுச்சா?"

"வரலை."

"அப்ப வர்றீங்க! அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"அப்பா நாளைக்கே வர்றாராம்." பின்னால் பேத்தி ஏதோ மழலை பேசினாள். இருந்தாலும் சொன்னேன். "நான்தான் வரலை. அடுத்த வருஷம் அந்தக் குருகை இவர் கண்ணுல காட்டாம, இந்த ஏரியை விட்டு நான் ஒரு அடி நகர மாட்டேன்."