தோக்தாரைக் கூப்பிட்டவள்

அந்த டிஸ்க் வழியிலேயே தொலைந்து போயிருக்கலாம். தபாலில் எத்தனையோ தொலைகிறது, இது மட்டும் சொன்ன தேதிக்கு முன்னதாகவே ரைகானின் அல்மாத்தி வீட்டு வாசலில் வந்து நின்றது. உறையின் மேல், பனிக்காற்றில் ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும் சிறுவன். அந்தக் கார்ட்டூன் பையனைத் தெரியாத பிள்ளை நாட்டிலேயே கிடையாது. அவன் அம்மாவுக்குக் குரல் கொடுத்தவள் ரைகான். கல்யாணமான புதிதில், இருபத்துமூன்று வயதில் பேசியது.

வினை எங்கே என்றால், படத்தில் பையன் பெயர் தோக்தார். ரைகானின் மாமனார் பெயரும் தோக்தார். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வாளா? உயிரே போனாலும் சொல்ல மாட்டாள். மாமனாரை விடுங்கள், புருஷனின் அண்ணன், பெரியப்பா பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. தானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அதனால் பனிப்புயலில் பிள்ளை தொலைகிற கட்டத்தில், தாய்க்காரி கூடார வாசலில் நின்று பெயர் சொல்லிக் கதற வேண்டிய இடத்தில், ரைகான் “போத்தாம்!” என்று கூப்பிட்டாள். என் ஒட்டகக் குட்டியே என்று. படம் வந்த பிறகு ஊர்ப்பட்ட அம்மாக்கள் அதே ராகத்தில்தான் பிள்ளைகளைச் சோற்றுக்குக் கூப்பிட்டார்கள். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. “மைக்குக்கு முன்னாலயும் மரியாதை தவறாத மருமக” என்று விருந்துக்கு விருந்து சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பிறகு மூத்த மகன் ஒராஸ்பெக் அந்தப் பல்லவியைப் பிடித்துக்கொண்டார்.

அது பாதி உண்மைதான். ரைகான் முதலில் கூப்பிட்டது தோக்தார் என்றுதான்.

ஒலிப்பதிவு அறையை இருட்டாக்கி, சுவரில் சத்தமில்லாமல் படத்தை ஓட்டினார்கள். பையன் முழங்கால் வரை அமிழ்ந்தான், இடுப்பு வரை அமிழ்ந்தான், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தான். மாமனாராவது, மரியாதையாவது! எல்லாம் மறந்துபோய் அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டாள். விளக்கைப் போட்ட பிறகுதான் உறைத்தது. ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டு, இயக்குநரிடம் அழுது, கெஞ்சி, மறுபடி பேசிக் கொடுத்தாள். “அழிச்சாச்சு தாயே, போய் நிம்மதியாத் தூங்கு” என்றார் அவர். அவரும் இப்போது உயிரோடு இல்லை. ஊரே கொண்டாடிய அந்தக் குரல், முதலில் வந்ததில் கால்வாசிகூடக் கிடையாது என்பதை ரைகான் யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. கை ஒட்டிக்கொண்டிருந்ததால் மருமகள் அக்போத்தா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். படத்தைச் சுத்தம் செய்து புதுசாக்கிக் கொண்டிருந்த எல்தோஸ் பேசினான்.

“அம்மா, நல்ல சேதி! உங்க முதல் டேப் கிடைச்சிருச்சு. அழிக்கவே இல்ல, இருப்பறையில கிடந்திருக்கு. தோக்தார்னு பேர் சொல்லியே கூப்பிட்டிருக்கீங்க! கேட்டுட்டு இங்க ஒருத்தரு பாக்கியில்லாம அழுதுட்டோம். அதையே படத்துல சேர்த்துட்டோம்மா!”

“யாரைக் கேட்டுடா சேர்த்தீங்க?”

“என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? டிஸ்க் அச்சாகி வெளியவே போயிருச்சே.”

அக்போத்தா போனை அணைத்தாள். துணியை எடுத்துப் பலகையில் சிந்தியிருந்த மாவைத் துடைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

போன மாதம் ஒரு விருந்தில் அக்போத்தா வாய் தவறி, “ஒராஸ்பெக் மாமா வந்துட்டாரு” என்று சொல்லிவிட்டாள். அத்தனை பேர் முன்னால் ரைகான் பிடிபிடியென்று பிடித்தாள். “அவ்வளவு பெரிய இயக்குநர் நின்னு கத்தறாரு, அப்பவே நான் நாக்கை அடக்கினவ. உனக்குக் கதவைத் திறக்கறதுக்குள்ள நாக்கு வழுக்குதோ?” அன்றிலிருந்து அந்தப் பெண் “சரி அத்தை”க்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இப்போது மாமியாரின் குடுமி மருமகள் கையில். சும்மா விடுவாளா? அவள் இடத்தில் நாமாக இருந்தால் விட்டிருப்போமா என்று நினைத்துப் பார்த்தபோது ரைகானுக்குக் குளிரெடுத்தது.

டிஸ்க்கை ஒளித்து வைக்கவும் வழியில்லை. “நான் வந்துதான் பிரிக்கணும்” என்று ஒராஸ்பெக் ஆணையே போட்டிருந்தார். மகன் சன்ஜார் எண்ணெய் வயல் வேலைக்குத் திரும்பும் முன் அதற்காகவே ஒரு பிளேயர் வாங்கி மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒராஸ்பெக் மனைவி கலியாவோடு தல்திகோர்கானிலிருந்து வந்து இறங்கினார். விருந்துக்கு வேகவைத்த ஆட்டுத்தலையை அறுத்து முறைப்படி பங்கு வைத்தார். காதை யாருக்குக் கொடுப்பது என்று தேடிப் பார்த்துவிட்டு, வீட்டில் சின்னவள் என்று அக்போத்தாவிடமே நீட்டினார்.

“இந்தா, காது. உன் மாமியார் சொல்றதை நல்லாக் கேட்டுக்க.”

“கேட்டுட்டுத்தான் இருக்கேன் பெரிய மாமா. போன்ல பேசினாக்கூடக் கேக்குது.”

ரைகான் அவசரமாகக் கறித்தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“படத்தை அப்புறம் பாத்துக்கலாமே, மிர்ஸா அகா?” ‘பிரபு அண்ணா’ என்கிற அந்தப் பெயர் ரைகான் புதுப்பெண்ணாக வந்தபோது அவருக்கு வைத்தது. “பயணக் களைப்பு இருக்கும், கொஞ்சம் படுங்களேன்.”

“களைப்பா? அந்த ஒரு கூப்பாட்டைக் கேக்கத்தானேம்மா பஸ் ஏறி வந்தேன்! போடு, போடு.”

அக்போத்தா டிஸ்க்கைப் போட்டாள். ரிமோட்டை அவளே வைத்துக்கொண்டாள்.

படம் கண்ணைப் பறித்தது. பழைய பிரதியில் அழுக்குத் தண்ணியாய்த் தெரிந்த வானம் இப்போது நீலமாய் நின்றது. ஒட்டகத்தின் இமைமயிரை எண்ணலாம் போலிருந்தது. “அட, அந்தக் கம்பளத்துல பூ இருந்திருக்குடி!” என்று கலியா தொடையைத் தட்டினாள். ரைகான் எதையும் பார்க்கவில்லை. ஒட்டகம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பையன் அதைத் தேடிப் புறப்பட்டான். காற்று மாறியது. இன்னும் கொஞ்ச நேரம்தான். இத்தனை வருஷத்து நல்ல பெயர் ஒரே சொல்லில் கரியாகப் போகிறது. செத்துப்போன மாமனார் முகத்திலும் சேர்த்துப் பூசப் போகிறது. அக்போத்தா பீங்கான் தேநீர்க் கெண்டியோடு தொலைக்காட்சி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் படத்தில் இல்லை, மாமியார் முகத்தில்தான் இருந்தது.

கூடாரக் கதவு திறந்தது. தாய் வெளியே வந்தாள். வாயைத் திறந்தாள்.

“தோ—”

சடார்! அக்போத்தாவின் கையிலிருந்த தேநீர்க் கெண்டி தரையில் விழுந்து சுக்குநூறானது. கலியா வீலென்று கத்தி காலைத் தூக்கிக்கொண்டாள். “ஐயோ பெரியம்மா, சுட்டிருச்சா? நகருங்க நகருங்க!” என்று அக்போத்தா அதற்கு மேல் கத்தினாள். களேபரம் அடங்கிப் பார்த்தால், திரையில் விடிந்திருந்தது.

ரைகானுக்கு மூச்சு திரும்பி வந்தது. குனிந்து சில்லு பொறுக்கும் மருமகளைப் பார்த்தாள். விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் நிமிரவே இல்லை.

“கெட்டது போ, கூப்பிட்டது காதுலயே விழல!” என்றார் ஒராஸ்பெக். “பின்னால தள்ளு.”

“டிஸ்க் மாட்டிக்கிச்சு போலிருக்கு, பெரிய மாமா.”

கலியாவுக்கு எரிச்சல். “நல்ல மருமக வாச்சா ரைகான் உனக்கு! அன்னைக்கு வாய் தவறிச்சு, இன்னைக்குக் கை தவறுது. இவளைப் பெத்தவ என்னத்தைத்தான் சொல்லிக் குடுத்தாளோ?”

அக்போத்தாவின் காதுமடல் சிவந்தது. சில்லுகளை இடுப்பில் கட்டிய துணியில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அவ்வளவுதான், தப்பியாயிற்று. ரைகான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் உட்கார முடியவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவரைக்கும் போய்விட்டதே பேச்சு! இன்னொன்றும் இருந்தது. அந்தத் ‘தோ’ காதுக்குள்ளேயே நின்றுகொண்டு மீதியைக் கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கும் அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

“அவளை ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா. கை தவறல. எனக்காகத்தான் போட்டு உடைச்சா” என்றாள். களேபரத்தில் அக்போத்தா கம்பளத்தில் நழுவவிட்டிருந்த ரிமோட்டை எடுத்தாள்.

“அத்தை, வேணாம்” என்றாள் அக்போத்தா மெதுவாக.

“நீ விரலைக் கட்டு முதல்ல.” பின்னால் தள்ளினாள். கதவு திறந்தது. தாய் வெளியே வந்தாள்.

“தோக்தாஆஆர்!”

வீடு கிடுகிடுத்தது. இருபத்துமூன்று வயது ரைகான், நெஞ்சைப் பிளந்துகொண்டு, பனிக்குள் போகிறவனை இழுத்தாள். “தோக்தார்! திரும்பிடு, தோக்தார்!” குரல் நடுவில் உடைந்தது. உடைந்ததையும் சுத்தம் செய்யாமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

வெட்கக்கேடு என்பதுபோல் கலியா கன்னத்தைக் கீறிக்கொண்டாள். “அட பாவி! மாமா பேரை...”

“முதல்ல வந்தது இதுதான், மிர்ஸா அகா,” என்றாள் ரைகான். “பையன் பனியில போயிட்டிருந்தான். எனக்கு வேற எதுவும் ஞாபகம் வரல. நீங்க நினைக்கற மருமக நான் இல்ல. என்ன சொல்லணுமோ என்னைச் சொல்லுங்க, அவளைச் சொல்லாதீங்க.”

ஒராஸ்பெக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். முகம் கல்லாகியிருந்தது. எழுந்து போய்விடுவார் என்றுதான் ரைகான் நினைத்தாள்.

“அப்பாவுக்கு ஆறு வயசு,” என்றார் கடைசியில். “பஞ்ச வருஷம். அவரைப் பெத்த ஆத்தா எந்த ரோட்டுல விழுந்து செத்தாங்கன்னுகூட அவருக்குத் தெரியாது. அனாதை விடுதியில நம்பர் போட்டுக் கூப்பிட்டிருக்காங்க. அப்புறம் கல்யாணம். எங்கம்மா அவரு பேரைச் சொல்லுவாங்களா? ‘ஒராஸோட அப்பா’ன்னாங்க. மருமகளுங்களும் சொல்லல. நீயும் சொல்லல.” மூக்கை உறிஞ்சினார். “எங்கப்பனை ஒரு பொம்பளை வாய் நிறையப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்கு விவரம் தெரிஞ்சு கேட்டதே இல்லம்மா.”

திரையில் பையன் பனிக்குள் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதை அவரு கேக்காமலே போயிட்டாரே,” என்றார் ஒராஸ்பெக். பிறகு தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். “இன்னொரு தடவை போடு, ரைகான்.”

ரைகானுக்கு ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை, கண்ணீர் மறைத்தது. அக்போத்தா அருகில் வந்து உட்கார்ந்து, துணி சுற்றிய விரலால் அழுத்தினாள்.