வருமானச் சான்றிதழ்

"மாசம் எவ்வளவு சம்பாதிச்சீங்க?" என்று தன் வக்கீல் கேட்டதும், "இருவதாயிரங்க" என்று சிங்காரவேலு கூண்டில் நின்றபடி சத்தமாகவே சொன்னான். அதில் பொய் இல்லை. கொத்தனார் வேலைக்கு நாளுக்குத் தொள்ளாயிரம். மழையும் நல்லது கெட்டதும் போக மாதத்துக்கு இருபத்திரண்டு நாளாவது வேலை இருக்கும். ஆனால் அந்தத் தொள்ளாயிரத்துக்கு ரசீது கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ஒப்பந்தக்காரர் செல்லப்பன் எண்ணிக் கொடுப்பார், இவன் எண்ணாமல் பையில் வைத்துக்கொள்வான். பதினோரு வருடம் அப்படியே ஓடிவிட்டது. சாட்சி சொல்ல வரும்படி இவன் பெண்சாதி கொளஞ்சியம்மாள் போய்க் கேட்டபோது, "கோர்ட்டுக்கு வந்தா என் கணக்கையும்ல தோண்டுவாங்க தாயி" என்று ஐந்நூறு ரூபாயை அவள் கையில் வைத்து அனுப்பிவிட்டார் செல்லப்பன்.

போன வருடம் ஆடி மாதம், சிறுவாச்சூரில் வேலை முடித்துப் பூலாம்பாடிக்கு மொபெட்டில் திரும்பும்போது பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. கார்க்காரர் ஓடிப்போகவில்லை, அவரே ஆம்புலன்ஸை வரவழைத்தார். காருக்கு இன்சூரன்ஸும் இருந்தது. அதுவே பெரிய அதிர்ஷ்டம் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். வலது கையில் எலும்பு நொறுங்கி நரம்பு அறுந்திருந்தது. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு கட்டைவிரல் மட்டும் அசைந்தது, மற்ற நான்கும் மடங்கியபடியே நின்றுவிட்டன. கலவை பூசும் கரணையைப் பிடித்தால் நழுவி விழும். மருத்துவக் குழு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊனம் நாற்பது சதவீதம் என்று எழுதிக் கொடுத்தது. அவன் வக்கீல் ராஜராஜன் நஷ்டஈட்டை வழக்குக் கட்டின் மேலட்டையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும், நாற்பத்து மூன்று வயதுக்குப் பதினான்கு மடங்கு, அதில் நாற்பது சதவீதம். பதிமூன்று லட்சத்துச் சொச்சம் வந்தது. சிங்காரவேலுக்கு விளங்காதது ஒன்றுதான். நாற்பது போய்விட்டது, சரி. மிச்சம் அறுபது சதவீதக் கொத்தனார் எங்கே இருக்கிறான்? இருந்தால் அவனை யாராவது வேலைக்குக் கூப்பிட வேண்டாமா?

இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் குறுக்கு விசாரணை செய்ய வக்கீல் பிரவீணா எழுந்தார். சின்ன வயது, தணிந்த குரல்.

"உங்க பொண்ணு என்ன படிக்கிறாங்க?"

"நர்சிங்குங்க. திருச்சில, ரெண்டாம் வருசம்." கேட்டதற்கே அவன் முகம் மலர்ந்தது.

"கவர்மெண்ட் உதவித்தொகை வருதுங்களா?"

"வருதுங்க."

ஒரு நகலை அவனிடம் கொடுக்கச் சொன்னார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. விபத்துக்கு முன்பு மகள் கீதாஞ்சலியைக் கல்லூரியில் சேர்க்கும்போது வாங்கிய வருமானச் சான்றிதழ். ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம். இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "எல்லாரும் இதான் போடறாங்கண்ணே, போட்டுரவா?" என்று கேட்டதும், பின்னால் நின்ற வரிசை நெட்டித் தள்ளியதும், "போடும்மா" என்று இவன் சொன்னதும் ஞாபகம் வந்தன.

"இதுப்படி மாசம் ஆறாயிரம். இப்ப இருபதாயிரம்னு சொல்றீங்க. ரெண்டுல எது பொய்?"

ராஜராஜன் எழுந்து ஏதோ ஆட்சேபித்தார். நீதிபதி கையமர்த்தி, "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். சிங்காரவேலு யோசித்தான். சான்றிதழ் பொய் என்றால் அது இந்த ஹாலோடு நிற்குமா? திருச்சிக்குப் போகும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டு என்பார்கள். வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பிள்ளை பஸ் ஏறி வரும். வந்து, பரவாயில்லப்பா என்று வேறு சொல்லும். அதைத்தான் அவனால் தாங்க முடியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியம்மாள் பக்கம் அவன் திரும்பவில்லை.

"காயிதத்துல இருக்கறதுதாங்க சரி" என்றான். "நான் ஆறாயிரந்தான் சம்பாதிச்சேன்."

தட்டச்சர் அதை அடித்து முடித்தார்.

வெளியே வராந்தாவில் ராஜராஜன் கோட்டைக் கழற்றி உதறினார். "ஊர்ல எல்லாரும் குறைச்சுத்தான் சர்டிபிகேட் வாங்கறாங்கன்னு ஜட்ஜுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை அப்படிச் சொல்லியிருந்தா நான் பாத்துக்கிட்டிருப்பேன்ல?"

"எம் பொண்ணு படிப்பு நின்னுபோனா, அதையும் நீங்க பாத்துப்பீங்களா சார்?"

அவர் அடுத்த வழக்கின் கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

பஸ் ஸ்டாண்டு வரும்வரை கொளஞ்சியம்மாள் முன்னால் நடந்தாள். இவன் கை போனதிலிருந்து அவள்தான் சித்தாளாகக் கலவை சுமக்கிறாள். "எனக்கே ஒரு நாளைக்கு ஐந்நூறு குடுக்கறாங்க" என்றாள் கடைசியில். "நீங்க மாசம் ஆறாயிரம், நாளுக்கு எரநூறுன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க. இருவது வருசமா நீங்க எழுப்புன சொவரு அத்தனையும் எரநூறு ரூவாதானாங்க?" அவள் அழவில்லை, திட்டவுமில்லை. விலை கேட்பவள்போல் கேட்டாள். அவன் பஸ் போர்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

நான்கு மாதம் கழித்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினார்கள். "ஆறாயிரம்னு அவரே சொல்லிட்டாரு. பாவம்னு நாங்க ஒம்பதாயிரம்னு வச்சுக்கறோம்" என்றார் கம்பெனி அதிகாரி. எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம். ராஜராஜன், மேலே போனால் இன்னும் மூன்று நான்கு வருடம் ஆகும் என்றார். சிங்காரவேலு இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி, அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் வைத்தான். பக்கத்திலிருந்த பிரவீணா அவனுக்குத் துடைக்கத் தாள் கிழித்துக் கொடுத்தார். "பொண்ணு நல்லாப் படிக்கட்டும்" என்றார். மனசாரத்தான் சொன்னார் என்று தோன்றியது. அதுதான் கசந்தது.

உத்தரவை நீதிபதி கையால் கொடுப்பதைப் பத்திரிகைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று நிறுத்திவைத்தார்கள். அவன் இடது கையை நீட்டினான்.

"அண்ணே, அது நல்லாருக்காது. வலது கையால வாங்குங்க" என்றார் போட்டோக்காரர்.

வலது கை பாதி தூரம்தான் எழும்பியது. நீதிபதியும் அதிகாரியும் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே காத்திருந்தார்கள். கொளஞ்சியம்மாள் எழுந்து வந்தாள். கட்டைவிரலுக்கும் மடங்கிய விரல்களுக்கும் நடுவில் உத்தரவைச் செருகினாள்.

"அம்மா, நீங்க படத்துல வரீங்க, கொஞ்சம் ஒதுங்குங்க."

அவள் ஒதுங்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டு, முழங்கையை அடியிலிருந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். சிமெண்டு அரித்த அவள் விரல்கள் சட்டை வழியாகவே சுரசுரத்தன. வெளிச்சம் ஒருமுறை வெட்டியது.

"காயிதம் ஆடுது. இன்னொண்ணு எடுத்துக்கறேன்" என்றார் போட்டோக்காரர். அவள் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.