சுலேமாவின் கல்லறை

சக்கரத்தின் கடைசி நட்டு இறுகவில்லை. சுலேமா ஸ்பேனரின் கைப்பிடி மேல் ஏறி நின்று உடம்பின் கனம் முழுவதையும் அதில் இறக்கினாள். பதகோனியாவின் காற்று அவளை அப்படியே தூக்கிச் சரளையில் போடப் பார்த்தது. பின்னால் நின்ற நீல்டா அவள் இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். போச்சா காரைவிட்டு இறங்கவில்லை. முழங்கால் வீங்கியிருந்ததால் மேற்பார்வையோடு நிறுத்திக்கொள்வதாக அறிவித்திருந்தாள்.

“நட்டு இறுகினாப் போதும்டி. அவன் கழுத்துன்னு நெனச்சு மிதிக்காத, ஸ்பேனர் ஒடஞ்சிரும்” என்றாள் ஜன்னல் வழியாக.

சுலேமா இன்னொரு மிதி மிதித்துவிட்டு இறங்கினாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இன்று மாலைக்குள் லாஸ் பிக்காதாஸ் போய்ச் சேர்ந்துவிடலாம். அதுவரை அன்செல்மோ உயிரோடு இருக்க வேண்டும். அவள் கடைசியாகக் கடவுளிடம் எதையாவது கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. இப்போது கேட்டது இது ஒன்றைத்தான்.

மூவரும் அர்ஜென்டினாவின் வடக்கே துகுமானில், எலுமிச்சை பேக்கிங் கொட்டகையில், ஒரே பெல்ட்டின் முன்னால் நின்று கிழவியானவர்கள். கார் போச்சாவின் புருஷன் விட்டுப்போனது. ஓய்வு பெற்றதும் கடலைப் பார்க்கப் போவோம் என்று பேசிப் பேசியே வருஷங்கள் போயின. இப்போது கடல் இடது பக்கம் நாள் முழுக்கக் கூடவே வந்தும், சுலேமா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது நீல்டாவின் மருமகன். லாரி ஓட்டுகிறவன். கல்லறைத் திருநாளன்று தெற்கே ஒரு சின்ன ஊரில் கடைகள் எல்லாம் மூடியிருக்க, பொழுது போகாமல் கூட்டத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்திருக்கிறான். அங்கே ஒரு கல்லில் பீங்கான் வில்லையில் பதித்த படம். இளம்பெண். தெரிந்த முகமாக இருக்கிறதே என்று போனில் படமெடுத்து மாமியாருக்கு அனுப்பினான். நீல்டா பார்த்துவிட்டுப் போனை சுலேமாவின் கையில் கொடுத்தாள்.

படத்தின் கீழே கல்லில் வெட்டியிருந்தது: சுலேமா அகீரே, அன்பு மனைவி. ரூபன், செல்லக் குழந்தை. ஆறு கொண்டுபோனது. மறவாத அன்செல்மோ.

கம்பளிக் கிடங்கில் வேலை இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லி அன்செல்மோ தெற்கே கிளம்பியபோது ரூபன் தவழ்ந்துகொண்டிருந்தான். அந்தக் கிறிஸ்துமஸும் வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தாள். பள்ளிக்கூட வாட்ச்மேன் செலஸ்தினோ நல்ல மனிதன், இரண்டு தடவை வந்து என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். என் புருஷன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினாள். செலஸ்தினோ வேறொருத்தியைக் கட்டினான். இத்தனை வருஷமும் அவள் உயிரோடு இருப்பவனுக்காகக் காத்திருந்தாள். அவனோ அவளைப் புதைத்துவிட்டுப் பூ வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மருமகன் விசாரித்தும் வந்திருந்தான். மலைப்பாதையில் பஸ் ஆற்றில் விழுந்து பெண்டாட்டியும் பிள்ளையும் போனார்கள், உடல்கள் கிடைக்கவில்லை என்று அன்செல்மோ ஊருக்குச் சொல்லியிருந்தான். ஊர் அவனைக் கையில் வைத்துத் தாங்கியது. இர்மா என்ற பெண்ணோடு குடித்தனம். இப்போது நுரையீரல் கெட்டுப் படுக்கையில் கிடக்கிறான்.

கோர்தோபாவில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ரூபனிடம் சொன்னபோது முதலில் சிரித்தான். பிறகு, “விடும்மா, அந்த ஆள் எனக்கு யாருமே இல்ல” என்றான். சுலேமாவால் விட முடியவில்லை.

அவள் திட்டம் சின்னது. கட்டிலருகே போய் நிற்பது. யார் என்று தெரிகிறதா என்று கேட்பது. அவன் கண்ணைப் பார்ப்பது. வழியில் தங்கிய விடுதிகளில் போச்சா கட்டிலில் படுத்து அன்செல்மோவாக நடித்தாள். ஒரு தடவை அலறிச் செத்தாள், ஒரு தடவை காலைப் பிடித்து அழுதாள், ஒரு தடவை சுலேமாவை அடையாளமே தெரியாமல் சூப் கேட்டாள். நீல்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுலேமா சிரிக்கவில்லை.

“என்னைப் பாக்கணும். பாத்துட்டுச் சாகட்டும்” என்றாள்.

லாஸ் பிக்காதாஸின் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, அன்செல்மோ வீடு எது என்று கேட்டார்கள். துக்கத்துக்கா வந்திருக்கிறீர்கள் என்று கேட்டான் பங்குக்காரன். மத்தியானம்தான் உயிர் போனதாம். நேரே போனால் கார்கள் வரிசையாக நிற்கும் வீடு.

மத்தியானம். சாலையோரம் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்த நேரம். சுலேமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் ஸ்பேனரின் கறை இன்னும் இருந்தது.

“தப்பிச்சிட்டான்” என்றாள்.

திரும்பிவிடலாமா என்று நீல்டா மெல்லக் கேட்டாள். சுலேமா கியரைப் போட்டாள்.

தகரக்கூரை வீடு. முன்னறையில் பெட்டி திறந்திருந்தது. சுவரோரம் நாற்காலிகளில் ஊர் உட்கார்ந்திருந்தது. மூன்று கிழவிகள் நுழைந்ததும் வடக்கத்தி உறவு போலிருக்கிறது என்று இடம் விட்டார்கள். இளம் பாதிரியார் ஒருவர், இத்தனை வருஷத் துக்கத்தையும் முணுமுணுக்காமல் சுமந்த மனிதர் என்று இறந்தவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து மனைவி பிள்ளை பக்கத்திலேயே தூங்குவார், பெரியவர் ஆசைப்பட்டபடியே குழி வெட்டியாகிவிட்டது என்று பக்கத்தில் ஒரு பெண் மூக்கைத் துடைத்தபடி சுலேமாவிடம் சொன்னாள்.

அப்போதுதான் காப்பித் தட்டோடு இர்மா வந்தாள். ஒல்லியான, எலும்பு தெரியும் பெண். அறுபது தாண்டியிருக்கும். போச்சாவிடம் நீட்டினாள், நீல்டாவிடம் நீட்டினாள். சுலேமாவின் முன்னால் வந்ததும் தட்டு அப்படியே நின்றது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பீங்கான் படத்தில் அவள் ஈரத்துணியால் துடைத்த முகம் அது, நாற்பது வருஷச் சுருக்கத்தோடு. தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

“அடுப்படிக்கு வாங்க” என்றாள்.

அடுப்படியில் இர்மா கதவைச் சாத்தினாள். சுலேமா நின்றுகொண்டே, சுருக்கமாக, வந்ததைச் சொன்னாள். பஸ் இல்லை, ஆறு இல்லை, ஒருநாள்கூடச் சாகவில்லை. இந்தப் பெண்ணையும் சும்மா விடுவதில்லை என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தாள். இவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இர்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தெரியாது என்று சத்தியம் எதுவும் செய்யவில்லை.

“நாப்பது வருஷம் உங்களோட மாரடிச்சேன்” என்றாள். “எதச் சமைச்சாலும் சுலேமா கைப்பக்குவம் வராதும்பார். சிரிச்சா, சுலேமா இப்படிச் சத்தமாச் சிரிக்க மாட்டாம்பார். பலிபீடத்துக்கு முன்னால இன்னொரு தடவ நிக்க மனசு வரலன்னு என்னைக் கோயில்ல வெச்சுக் கட்டக்கூட இல்ல. செத்தவளோட எப்படிச் சண்ட போடறது?”

“எனக்குச் சமைக்கவே வராது” என்றாள் சுலேமா.

இர்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். வாய்க்கோணத்தில் ஏதோ அசைந்தது. உடனே அடங்கிவிட்டது.

“அந்தக் குழந்தை?” என்று கேட்டாள். “அதாவது நெசமாவே...”

சுலேமா பையிலிருந்து போனை எடுத்தாள். ரொட்டிக்கடை வாசலில் ரூபன், தொப்பையும் வழுக்கையுமாக, தோளில் ஒரு மகள், காலைக் கட்டிக்கொண்டு இன்னொருத்தி. வலிக்கட்டும் என்றுதான் நீட்டினாள். இர்மா இரண்டு கைகளாலும் வாங்கினாள். ரூபனின் முகத்தை விரலால் தொட்டாள். படம் நகர்ந்துவிட்டது, பயந்துபோய் விரலை எடுத்தாள்.

பிறகு சொன்னாள். “எனக்கு ரெண்டு தடவ வயித்துல தங்குச்சு. ஒரு பிள்ளையப் புதைச்சவனால இன்னொண்ண வளக்க முடியாதுன்னு என் மடியில விழுந்து அழுவார். பக்கத்து ஊர்ல அதுக்குன்னு ஒருத்தி இருந்தா. ரெண்டு தடவையும் அவரே கூட்டிட்டுப் போனார். திரும்பி வர்ற வழியில கல்லறைல எறங்கி இந்தப் பிள்ளைக்கு மெழுகுவத்தி ஏத்தச் சொல்வார். ஏத்தினேன்.”

சுலேமா அவள் கையிலிருந்து போனை வாங்கவில்லை. இர்மாவே அதை மேசைமேல் வைத்தாள். எழுந்து குழாயில் கையைக் கழுவினாள், துண்டில் நிதானமாகத் துடைத்தாள், முன்னறைக்குப் போனாள். சுலேமா பின்னாலேயே போனாள்.

குழிவெட்டி வாசலருகே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெட்டிய குழியை மூடிவிடச் சொன்னாள் இர்மா. பின்சுவரோரம், குப்பை கொட்டுகிற பக்கம் இடமிருக்கிறதே, அங்கே வெட்டட்டும்.

பாதிரியார் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். “வேதனையில பேசறீங்கம்மா. அவர் மனைவி பக்கத்துல இருக்கணும்னுதானே கடைசி வரைக்கும்...”

“அவர் மனைவி இதோ நிக்கிறாங்க, ஃபாதர்” என்றாள் இர்மா. “இன்னும் காப்பிகூடக் குடிக்கல.”

ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு சுலேமாவின் சட்டைக்கையைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்பதைப் போல. கம்பளிக் கிடங்கின் பழைய மேஸ்திரி, அன்செல்மோவுக்கு முதன்முதலில் வேலை கொடுத்தவர், பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

சுலேமா பெட்டியருகே வந்தாள். சவரம் செய்து டை கட்டியிருந்தார்கள். முகம் சுருங்கி, மூக்கு மட்டும் பழையபடியே இருந்தது. வழியெல்லாம் சுமந்து வந்த கேள்வியை இந்தக் கண்ணிடம் கேட்க முடியாது. குனிந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அறை முழுக்கக் கேட்டது.

“என்னப் புதைச்சே, போகட்டும். பிள்ளைய ஏன்டா புதைச்சே?”

மறுநாள் காலை கல்லைப் பெயர்க்க வேண்டுமென்றபோது குழிவெட்டி தயங்கினான். நகராட்சியில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமாம். அதில் இருப்பது என் பெயர், அது என் கல் என்று சுலேமா அடையாள அட்டையை எடுத்து அவன் மூக்குக்கு நேரே காட்டினாள். அவன் அட்டையைப் படித்தான், கல்லைப் படித்தான், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் போய்விட்டான்.

நீல்டா காரைப் பின்னுக்கு எடுத்து வந்தாள். இழுவைக் கயிற்றை இர்மாதான் கல்லில் சுற்றினாள். சுற்றிலும் அவள் நட்ட செடிகள், காற்றுக்குத் தப்பிப் பிழைத்த குட்டைச் செடிகள், அவள் காலடியிலேயே மிதிபட்டன. பீங்கான் படத்தின் மேல் கயிறு குறுக்கே விழுந்தது. சுலேமா கையைக் காட்டினாள். கார் உறுமியது, கயிறு விறைத்தது, கல் முதலில் தலையாட்டி, பிறகு வேரோடு பிடுங்கிக்கொண்டு முகம்குப்புற விழுந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் யாரும் தடுக்க வரவில்லை.

பெட்டி வந்தபோது அதோடு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தூக்குவதற்கு ஆள் போதாமல் வண்டியோட்டி வந்தவனும் ஒரு கை கொடுத்தான். அதற்குள் போச்சா, முழங்கால் வலிக்கிறது, நிற்க முடியாது என்று விழுந்த கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கே சுவர் காற்றைத் தடுத்தது. நீல்டாவும் போய் உட்கார்ந்தாள். சுலேமா பிளாஸ்கைத் திறந்து சுரைக்குடுவையில் மாத்தே இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள்.

பின்சுவரோரம் பாதிரியார் ஜெபத்தைச் சீக்கிரமாகவே முடித்தார். முதல் பிடி மண்ணைப் போட வீட்டுக்காரி வரவேண்டும். குழிவெட்டி ஒரு தட்டில் மண்ணை எடுத்து நீட்டியபடி நின்றான்.

இர்மா கறுப்பு உடையில், பாதி வழியில் நின்றிருந்தாள். குழியைப் பார்த்தாள். பிறகு திரும்பி இவர்கள் பக்கம் நடந்து வந்தாள்.

“கொஞ்சம் நகந்துக்குங்க” என்றாள்.

போச்சா நகர்ந்தாள். இர்மா கல்லின்மேல் உட்கார்ந்து உடையை முழங்காலோடு சேர்த்து இழுத்துவிட்டுக்கொண்டாள். சுலேமா குடுவையை அவளிடம் கொடுத்தாள். அவள் உறிஞ்சுகுழலில் வாய் வைத்து, அடியில் கொறகொறவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சினாள். அந்தச் சத்தம் குழிவரைக்கும் கேட்டது.

“ரூபனுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டாள்.

“இனிப்பு. எதுன்னாலும்” என்றாள் சுலேமா.

பாதிரியார் புத்தகத்தின் பக்கங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்த்தபடி காத்திருந்தார். குழிவெட்டியின் தட்டிலிருந்த மண்ணைக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனது. இர்மா குடுவையை மறுபடி நீட்டினாள்.

“இன்னொரு தடவ ஊத்துங்க” என்றாள்.