பெயரில்லாத நாற்பத்தொரு வரிகள்

க்ளெனிஸ் பாஸ்கோவுக்குச் சுத்தம் ஒரு வியாதி. ஆஸ்திரேலியாவின் விம்மெரா கோதுமைக் காட்டில், ஊர்க் கல்லறைத் தோட்டத்துப் பதிவேட்டை எலிகள் குதறிப்போட்ட வருஷம், மிஞ்சியதை எல்லாம் காசு வாங்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் அவள்தான். ஏற்றி முடித்ததும் கிழிசல் புத்தகத்தைக் கொளுத்தினாள். பிறகு, 'குழந்தை' என்று மட்டும் இருந்த நாற்பத்தொரு வரிகளைப் பார்த்தாள். பெயர்க் கட்டத்துக்கு அப்பால் கண் போகவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பத் தட்டிவிட்டோம் என்று நினைத்து அத்தனையையும் நீக்கினாள். அதிபுத்திசாலிகள் செய்கிற காரியம் இப்படித்தான் இருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்துத் தெரு மெர்ல் ட்ரான்டர் வந்து உட்கார்ந்தாள்.

"அம்பத்தெட்டு ஆகஸ்ட்ல எனக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. செத்துத்தான் பொறந்துச்சு. நர்ஸு துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டா, மொகத்தக்கூட காட்டல. மறந்துடு, அடுத்தத பெத்துக்கன்னாங்க. அடுத்தது வரவேயில்ல. எந்தக் குழின்னு ஒன் மெஷின்ல பாரேன்டி."

க்ளெனிசுக்கு அந்த நாற்பத்தொரு 'குழந்தை' வரிகள் நினைவுக்கு வந்தன. செத்துப் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பெயர் எழுதினார்கள்?

"மெர்ல், அத நான் அழிச்சுட்டேன்."

"ஒன் பெருக்குற புத்தி அங்கயும் போச்சா?" என்றாள் மெர்ல். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

க்ளெனிஸ் கம்ப்யூட்டர் விளக்கப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். நீக்கிய வரியை அந்தப் பழைய நிரல் உடனே அழிப்பதில்லையாம். ஒரு நட்சத்திரக்குறி போட்டு ஒளித்து வைக்குமாம். 'பேக்' என்று துப்புரவுக் கட்டளை கொடுத்தால்தான் ஒரேயடியாகப் போகும். அப்படி ஒரு கட்டளை இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாரம் தவறாமல் கொடுத்திருப்பாள். மீட்கும் கட்டளையைத் தட்டினாள். நாற்பத்தொரு வரிகளும் வந்தன.

ஐம்பத்தெட்டு ஆகஸ்டில் ஒன்றே ஒன்று. 'குழந்தை. எஃப் வரிசை, குழி பதினாறு.'

க்ளெனிஸ் வரைபடத்தைத் தேடவில்லை. போன வருஷம் கணவன் ஆல்ஃப் இறந்தபோது, இதே பட்டியலைப் பார்த்து, யூகலிப்டஸ் நிழலில் காலியாக இருக்கிறதே என்று அவளே பொறுக்கிய குழி அது. பதினேழு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாய் வரவில்லை.

"அங்க ஆல்ஃப் இருக்காரு மெர்ல். காலின்னு காட்டுச்சு. நான் அழிச்சதாலதான் காட்டுச்சு. ஒன் பொண்ணு மேல அவர வச்சுட்டேன்."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மெர்ல் அழவில்லை. திரையில் இருந்த அந்த ஒரு வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆல்ஃப் அடக்கத்தன்னைக்கு நானும் வரிசையில நின்னு ஒரு பிடி மண்ணு போட்டேன்," என்றாள் கடைசியில். "போட்டுட்டு, கவுன்ல ஒட்டிடப்போவுதுன்னு கையத் தட்டிக்கிட்டேன்டி."